கம்பியை அறுப்பவர் யார்? தந்திக் காலம் முதல் இணைய முடக்கம் வரை தொடர்புத் துண்டிப்பின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இணையத்தைச் சமூகம் சார்ந்திருப்பது பெரும்பாலும் தனிமனிதப் பழக்கமாகவும் இளையோரின் குறைபாடாகவும் பேசப்படுகிறது. இக்கட்டுரை அதனை நிறுவனங்களின் வரலாறாகப் பார்க்கிறது. 1857, 1908, 1942 ஆகிய ஆண்டுகளில் தந்தித் தொடர்பு தடைப்பட்ட நிகழ்வுகளும், தூத்துக்குடியில் 2018இலும் காஷ்மீரில் 2019 முதல் 2021 வரையிலும் இணையம் முடக்கப்பட்ட நிகழ்வுகளும் ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன. தொடர்பைத் துண்டிப்பவர் மாறியதற்கான காரணமும், துண்டிப்பை மக்கள் எவ்வழிகளில் தாங்கினர் என்பதும் ஆராயப்படுகின்றன. 1990களின் யாழ்ப்பாணம், 2004இன் அந்தமான் ஆகியவற்றின் பட்டறிவும் துணைச்சான்றாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: தந்திச் சட்டம், இணைய முடக்கம், தூத்துக்குடி, காஷ்மீர், தொடர்பு வரலாறு, சார்ந்திருத்தல்

முன்னுரை

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலை 15 முதல் நிறுத்தப்பட்டது. தமிழகச் சிற்றூர்களில் 'தந்தி வந்திருக்கிறது' என்ற சொல் கேட்டாலே, உறையைப் பிரிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகுரல் எழுந்த காலம் ஒன்று உண்டு. இறப்புச் செய்தியைச் சுமந்து வந்த அந்தச் சேவைக்கே அவ்வாண்டு நாளிதழ்கள் இரங்கலுரை எழுதின. ஆனால் தந்தியை ஆண்ட சட்டம் தந்தியோடு மறையவில்லை. 1885ஆம் ஆண்டின் 13ஆம் சட்டமான இந்தியத் தந்திச் சட்டம் நடைமுறையிலேயே இருந்தது. தந்தி நின்று நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 2017 ஆகஸ்டில், அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு 'தொலைத்தொடர்புச் சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் விதிகள்' இயற்றப்பட்டன. இந்தியாவில் இணையத்தை முடக்கும் ஆணைகள் அதன்பின் இவ்விதிகளின் பெயரால் பிறப்பிக்கப்பட்டன.

செய்தியைக் கொண்டு சென்ற கருவி போய்விட்டது. செய்தியை நிறுத்தும் அதிகாரம் மட்டும் தங்கிவிட்டது. இம்முரணே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி. 1885இன் சட்டம் நிறுத்த முற்பட்டது, சமூகத்தின் மிகச் சிறிய பகுதியினர் பயன்படுத்திய ஒரு தொடர்புவழியை. அதே சட்டத்தின் கீழ் 2018இல் நிறுத்தப்பட்டதோ கல்வி, வணிகம், மருத்துவம், அரசு அலுவல், குடும்பப் பேச்சு ஆகிய அனைத்தும் கூடியிருந்த வழியை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது சட்டத்திற்கு எளிது. வரலாற்று மாணவருக்கு அது இயலாது.

அரசின் நரம்பாக இருந்த தந்தி

கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மதராஸ் ஆகிய நகரங்களை இணைத்த தந்திக் கம்பிகள் 1855க்குள் இயங்கத் தொடங்கின. டல்ஹௌசியின் ஆட்சியில் ஓ'ஷாக்னெஸ்ஸி மேற்பார்வையிட்ட இப்பணி, தொடக்கம் முதலே ஆட்சியின் தேவைக்குரியதாக இருந்தது. பொதுமக்களும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம் என்றாலும், அவ்வாறு பயன்படுத்தியோர் பெரும்பாலும் ஏற்றுமதி வணிகரும் ஐரோப்பிய நிறுவனங்களுமே ஆவர். கம்பி சென்ற வழியிலிருந்த சிற்றூர்களுக்கு அது கடந்து செல்லும் பொருளாக மட்டுமே இருந்தது.

எனவேதான் 1857இல் கிளர்ச்சியாளர் கம்பிகளை அறுத்தனர். மே 11 அன்று தில்லித் தந்தி அலுவலகத்திலிருந்து அம்பாலாவிற்குச் சென்ற எச்சரிக்கைச் செய்தி பஞ்சாபிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு நேரம் பெற்றுத் தந்தது என்பது காலனிய நூல்களில் பெருமையுடன் கூறப்படும் நிகழ்வு. அதற்கு 1902இல் தில்லியில் நினைவுத்தூண் ஒன்றும் எழுப்பப்பட்டது. தந்திதான் ஆட்சியைக் காத்தது என்ற அக்காலக் கூற்றில் மிகை உண்டு. கிளர்ச்சிப் பகுதிகளில் கம்பிகள் விரைவிலேயே அறுபட்டமையால் தந்தியின் பயன் அங்கே குறைவாகவே இருந்திருக்கும். எனினும் அக்கூற்று நிலைபெற்றமை ஒன்றைத் தெளிவாக்குகிறது. கம்பியைத் தன் நரம்பாக உணர்ந்தது அரசு. அதை அறுப்பதில் தமக்கு இழப்பில்லை எனக் கண்டவர்கள் ஆளப்பட்டவர்கள்.

1908ஆம் ஆண்டின் இளவேனிற் காலம் இதற்கு இரு சான்றுகளைத் தருகிறது. அவ்வாண்டு மார்ச் 12 அன்று வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த மக்கள் கொந்தளிப்பில், சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றைத் தவிர நகரத்தின் பொதுக் கட்டடங்கள் எல்லாம் தாக்கப்பட்டதாக ரௌலட் குழு அறிக்கை பின்னர்க் குறித்தது. தாக்கப்பட்டவற்றுள் அஞ்சலகமும் ஒன்று. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். இவ்வெழுச்சியைக் குறித்த ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆய்வு தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமானது. அஞ்சலகம் தாக்கப்பட்டது தற்செயலன்று என்றே கருதத் தோன்றுகிறது. நகராட்சி அலுவலகம், காவல் நிலையம் ஆகியவற்றின் வரிசையிலேயே அன்றைய கூட்டம் அஞ்சலகத்தையும் வைத்துப் பார்த்திருக்கிறது.

மறுமாதம், ஏப்ரலில், இந்தியாவிலும் பர்மாவிலும் தந்திப் பணியாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தீப் காந்த லாகிரி சௌதுரி விரிவாக ஆராய்ந்துள்ள இவ்வேலைநிறுத்தம், தொலைவிலிருந்த ஊழியர் தந்தி வழியாகவே ஒருவரோடொருவர் தொடர்புகொண்டு ஒன்றுதிரண்டமையால் தனித்தன்மை வாய்ந்தது. இக்கட்டுரையின் நோக்கில் வேறொரு கேள்வி முதன்மையாகிறது: தந்தி தடைப்பட்டபோது யாருக்கு அது வலித்தது? ஆட்சி நிர்வாகத்திற்கும், விலைநிலவரத்தை எதிர்நோக்கிய பெருவணிகர்க்கும், வெளியூர்ச் செய்திக்குத் தந்தியை நம்பிய இதழ்களுக்கும் வலித்திருக்கும். தாமிரவருணிக் கரையின் ஓர் உழவர் குடும்பம் அவ்வாரத்தில் தன் வாழ்வில் மாற்றம் எதையும் உணர்ந்திருக்க வாய்ப்பில்லை. அக்குடும்பத்தின் கடிதம் அஞ்சலில் சென்றது. கடன் ஊர்ச் செட்டியாரின் ஏட்டில் இருந்தது. செய்தி சந்தையில் வாய்வழியாக வந்தது.

1942 ஆகஸ்ட் இயக்கத்திலும் இதே நிலை தொடர்ந்தது. தண்டவாளங்களைப் பெயர்ப்பதும் தந்திக் கம்பிகளை அறுப்பதும் நாடெங்கும் போராட்ட முறைகளாயின. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த குலசேகரன்பட்டினத்தின் உப்பளத் தாக்குதல் நிகழ்ந்ததும் அவ்வியக்கத்தின் அலையிலேதான். அதே ஆண்டு நவம்பரில், அதே வட்டாரத்தின் காயாமொழியைச் சேர்ந்த சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய நாளிதழ் 'தந்தி' என்ற சொல்லைத் தன் பெயராக்கிக்கொண்டது. கம்பி அறுபட்டுக்கொண்டிருந்த ஆண்டிலேயே 'தந்தி' என்னும் சொல் விரைவான செய்தி என்ற பொருளில் தமிழ்ப் பொதுமக்களின் உடைமையாகத் தொடங்கியது சுவையான உடன்நிகழ்வு.

ஒரு வழியில் ஒடுங்கிய பல வழிகள்

விடுதலைக்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் தமிழகத்தின் தொடர்புவழிகள் பலவாகப் பெருகின. அஞ்சல், தந்தி, பணவிடை, வானொலி, அச்சு இதழ், டிரங்க் கால், 1980களின் பிற்பகுதியில் தெருமுனைக்கு வந்த எஸ்.டி.டி. பூத், அடுத்த வீட்டுத் தொலைபேசியின் 'பி.பி. நம்பர்' ஆகியவை தனித்தனி அமைப்புகளாக இயங்கின. ஒன்று பழுதானால் மற்றொன்று இருந்தது. இப்பன்மை திட்டமிட்டு உருவாக்கப்பட்டதன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்ததன் விளைவு.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கிய பெருநகரங்களுள் சென்னையும் ஒன்று. அடுத்த பத்தாண்டுகளில் இணையம் பிரவுசிங் சென்டர்கள் வழியாகச் சிறுநகரங்களுக்கு வந்தது. அப்போதும் அது கூடுதல் வழியாகவே இருந்தது. தேர்வு முடிவைக் கணினியில் பார்த்தவர்களும் பள்ளி அறிவிப்புப் பலகையில் பார்த்தவர்களும் ஒரே நாளில் இருந்தனர்.

இந்நிலை மாறியது 2010களின் நடுப்பகுதியில்தான். 2016ஆம் ஆண்டைத் திருப்புமுனையாகக் கொள்ளலாம். அவ்வாண்டு ஏப்ரலில் யு.பி.ஐ. பணப்பரிமாற்ற முறை அறிமுகமாயிற்று. செப்டம்பரில் ஜியோ நிறுவனத்தின் வருகையால் அலைபேசி இணையக் கட்டணம் பெரிதும் சரிந்தது. நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாயின. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, கையில் தாள் இல்லாத நிலையில் மின்சாரமும் இணையமும் ஒருசேர நின்றன; அட்டையும் செல்லவில்லை, பணப்பொறியும் இயங்கவில்லை. மாற்றுவழி ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றை நம்புவதன் பொருளைச் சென்னைவாசிகள் அவ்வாரத்தில் அறிந்தனர். அண்ணாச்சி கடையின் கடன் நோட்டே அன்று பல குடும்பங்களைத் தாங்கியது.

சார்ந்திருத்தல் என்பதை நாம் புரிந்துகொள்ளும் முறையை இவ்விடத்தில் திருத்திக்கொள்ள வேண்டும் எனக் கருதுகிறேன். இணைய அடிமைத்தனம் என்ற பெயரில் எழுதப்படும் கட்டுரைகள் கைப்பேசியை விடாத இளைஞரையே நோக்குகின்றன. விண்ணப்பப் படிவம் வழங்கிய சாளரத்தை மூடிய அலுவலகத்தையும், காசோலையை மறுக்கும் நிறுவனத்தையும், அச்சு விடைக்குறிப்பை நிறுத்திய வாரியத்தையும் அவை நோக்குவதில்லை. பொதுவாழ்வில் நாம் காணும் சார்ந்திருத்தலின் பெரும்பகுதி, பழைய சாளரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைக்கப்பட்டதன் பயன்.

என் பட்டறிவிலிருந்து ஒரு சிறு எடுத்துக்காட்டு. ஆய்வுக்காகச் சென்ற ஒரு நூலகத்தில் ஒருநாள் கணினிப் பட்டியல் இயங்கவில்லை. முன்பிருந்த அட்டைப் பட்டியல் இழுப்பறைகள் இடநெருக்கடி காரணமாக அகற்றப்பட்டிருந்தன. ஓய்வு பெறும் நிலையிலிருந்த உதவியாளர் ஒருவர், நூலின் பெயரைக் கேட்டதும் அடுக்கை நினைவிலிருந்தே சொல்லி எடுத்துத் தந்தார். அன்று நூலகத்தின் பட்டியலாக இருந்தது அவருடைய நினைவாற்றலே. அவர் இப்போது பணியில் இல்லை.

தூத்துக்குடி, 2018 மே

தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாம் நாளான 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் மறுநாள் அண்ணா நகர்ப் பகுதியில் நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் மொத்தம் 13 பேர் உயிரிழந்தனர். மே 23 அன்று தமிழக அரசின் உள்துறை, 2017ஆம் ஆண்டு விதிகளின் கீழ், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மே 27 வரை இணையச் சேவையை நிறுத்த ஆணையிட்டது. சமூக ஊடகங்கள் வழியாக வதந்தி பரவுவதையும் கூட்டம் திரள்வதையும் தடுப்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் இது கேள்விக்குள்ளானது. அண்டை மாவட்டங்கள் இரண்டிலும் தடை முன்னரே விலக்கப்பட்டது. தூத்துக்குடியில் அது இறுதி வரை நீடித்தது.

1908இல் திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது கூட்டம் அரசின் அஞ்சலகத்தைத் தாக்கியது. 110 ஆண்டுகள் கழித்து, அதே வட்டாரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபின் அரசு மக்களின் தொடர்பைத் துண்டித்தது. இடைப்பட்ட காலத்தில் கம்பியின் உடைமை கைமாறிவிட்டதை இந்த ஒப்பீடு காட்டுகிறது. சட்டப்படி அலைக்கற்றை இன்றும் அரசின் பொறுப்பிலேயே உள்ளது. பயன்பாட்டின் அளவில் அது மக்களின் நரம்பாகிவிட்டது. யார் அறுக்கிறார் என்பதைக் கொண்டே அது யாருக்கு நரம்பாக இருக்கிறது என்பதை அறியலாம்.

அந்த ஐந்து நாள்களின் நாட்காட்டியை உற்றுநோக்குவது பயனுடையது. மே 23 காலையில்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாயின. பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் அதற்கு ஒரு வாரம் முன்னர், மே 16 அன்று வெளிவந்திருந்தன. பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு முழுவதும் இணையவழிக்கு மாற்றப்பட்ட முதல் ஆண்டு 2018 என்பதும், அதற்கான பதிவு மே 3 அன்று தொடங்கி அம்மாத இறுதியை நோக்கி நடந்துகொண்டிருந்தது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கன. முந்தைய ஆண்டுகளில் மூன்று மாவட்ட மாணவர்கள் பேருந்தேறிச் சென்னை சென்று கலந்தாய்வில் நேரில் அமர்ந்தனர். அம்முறையில் அலைச்சலும் செலவும் இருந்தன என்பதில் ஐயமில்லை. அதை மாற்றியது நன்றே. ஆயினும் மாற்றிய அரசும் முடக்கிய அரசும் ஒன்றே. உயர்கல்வித் துறை இணையத்தின் வழியே வரச் சொன்ன அதே மாதத்தில் உள்துறை அவ்வழியை அடைத்தது. முடக்க ஆணை பிறப்பிக்கும் துறை, ஏனைய துறைகள் எவற்றையெல்லாம் அவ்வழியில் ஏற்றிவைத்துள்ளன என்பதைக் கணக்கில் கொள்ளும் கடப்பாடு எதையும் அன்றைய விதிகள் விதிக்கவில்லை.

அந்நாள்களில் குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் இயங்கின, நாளிதழ்கள் வந்தன, தொலைக்காட்சி இருந்தது. மருத்துவமனையில் யார் இருக்கிறார், யார் வீடு திரும்பவில்லை என்ற செய்திகளைத் தேட மக்களுக்கு எஞ்சியிருந்தவை இப்பழைய வழிகளே. வதந்தியைத் தடுக்க இணையத்தை நிறுத்துவது என்ற கருத்தைச் செய்தியின் வரலாறு எளிதில் ஏற்காது. 1857ஐக் குறித்த ஆய்வுகள் காட்டுவதுபோல, உறுதியான செய்தி கிடைக்காத இடத்தில்தான் வதந்தி செழித்து வளர்கிறது. வெறுப்புப் பேச்சு சில மணி நேரத்தில் பல ஊர்களில் வன்முறையாக மாறும் ஆபத்து இன்று மெய்யானது என்பதையும் மறுக்க இயலாது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது இலங்கை அரசு முகநூல் உள்ளிட்ட சமூக ஊடகங்களைத் தடுத்ததற்கு அதுவே காரணம். அங்கே தடுக்கப்பட்டவை குறிப்பிட்ட தளங்கள். தூத்துக்குடியில் நிறுத்தப்பட்டதோ இணையம் முழுவதும். இந்த அளவு வேறுபாட்டைக் கருதாமல் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது ஆய்வுக்கு உதவாது.

காஷ்மீரின் பதினெட்டு மாதங்கள்

தூத்துக்குடியில் நாள்கணக்கில் நடந்தது காஷ்மீரில் மாதக்கணக்கில் நடந்தது. அரசியலமைப்பின் 370ஆம் உறுப்பு தந்த தனிநிலை நீக்கப்பட்டதையொட்டி, 2019 ஆகஸ்ட் 4 இரவு முதல் அங்கே தரைவழித் தொலைபேசி, அலைபேசி, இணையம் அனைத்தும் நிறுத்தப்பட்டன. தரைவழித் தொலைபேசி செப்டம்பர்த் தொடக்கத்தில் முழுமையாகத் திரும்பியது. பிற்கட்டண அலைபேசிகளில் குரல் அழைப்பு அக்டோபர் 14 அன்று வந்தது. 2020 ஜனவரி இறுதியில் அரசு ஒப்பிய 301 தளங்களை மட்டும் 2ஜி வேகத்தில் பார்க்க இசைவு கிடைத்தது. தளக் கட்டுப்பாடு மார்ச் 4 அன்று விலகியது. 4ஜி இணையம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் கிடைத்தது 2021 பிப்ரவரி 5 அன்று. கொரோனா பெருந்தொற்றின் முதல் ஆண்டை, இணையவழி வகுப்புகளும் மருத்துவ வழிகாட்டுதல்களும் நாடெங்கும் நடைமுறையாகிய ஆண்டை, காஷ்மீர் பெரும்பாலும் 2ஜியில் கழித்தது.

'காஷ்மீர் டைம்ஸ்' நாளிதழின் ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று தீர்ப்பளித்தது. இணையத்தின் வழியாகக் கருத்துரைப்பதும் தொழில் செய்வதும் அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பின் காப்புக்கு உட்பட்டவை. காலவரையின்றி முடக்குவது ஏற்கத்தக்கதன்று. முடக்க ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என்பன அத்தீர்ப்பின் மையக் கூறுகள். இணையத்தை அடைவதே தனி அடிப்படை உரிமையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் செல்லவில்லை. 1885இல் எழுதப்பட்ட 'பொது நெருக்கடி', 'பொதுப் பாதுகாப்பு' என்ற சொற்களுக்கு நூற்றாண்டு கடந்த பின்னர் எல்லை வரையும் முயற்சி என்ற வகையில் இத்தீர்ப்பு முக்கியமானது. நடைமுறையில் இணையம் உடனே திரும்பவில்லை என்பதையும் மேற்கண்ட நாள்கள் காட்டுகின்றன.

இல்லாமையைத் தாங்கிய வழிகள்

காஷ்மீரிகள் இணையமின்றி எவ்வாறு வாழ்ந்தனர் என்ற கேள்விக்கு விடையாகக் கிடைக்கும் செய்திகள் பெரும்பாலும் பழமையின் மீட்பைக் குறித்தவை. பலர் எப்போதோ கைவிட்ட தரைவழித் தொலைபேசிக்கு மீண்டும் விண்ணப்பித்தனர். செய்தியாளர் தம் கட்டுரைகளையும் படங்களையும் பென்டிரைவில் ஏற்றி, தில்லிக்கு வானூர்தியில் செல்வோர் கையில் கொடுத்தனுப்பினர். ஸ்ரீநகரில் அரசு அமைத்த ஊடக மையத்தின் சில கணினிகளுக்கு முன் அவர்கள் வரிசையில் காத்திருந்தனர். நவம்பரில் ஸ்ரீநகர்–பனிஹால் தொடர்வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியதும், பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்த பனிஹாலுக்கு மாணவரும் வணிகரும் பயணம் செய்தனர். தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யவும் ஒரு மலைச்சுரங்கத்தைக் கடந்து சென்று வந்தனர்.

தமிழர் வரலாற்றில் இதற்கு முன்மாதிரி ஒன்று உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமும் தொலைபேசியும் இன்றி இருந்தது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் மின்கலங்களும் இருந்தமையால் வானொலிப் பெட்டியும் ஓசையிழந்தது. அப்போது மிதிவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, சக்கரத்தைக் கையாலோ மிதியாலோ சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் மக்கள் செய்தி கேட்டனர். ஒருவர் சுழற்ற, அயல் வீட்டார் சுற்றியமர்ந்து கேட்கும் காட்சி அக்காலத்தை வாழ்ந்தோரின் நினைவுகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. பிரிந்த குடும்பங்களுக்கிடையே செஞ்சிலுவைச் சங்கம் திறந்த தாளில் எழுதப்பட்ட குடும்பச் செய்திகளைச் சுமந்தது.

இவ்வெடுத்துக்காட்டைத் துன்பத்தில் துளிர்த்த புத்திக்கூர்மை என்று பாராட்டி நகர்ந்துவிடுவது எளிது. அதன் தொழில்நுட்ப அடிப்படையே நம் கவனத்திற்குரியது. சிற்றலை வானொலியைக் கேட்பவர் எவரிடமும் இணைப்புப் பெற வேண்டியதில்லை. ஒலிபரப்பு எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது. ஏற்கும் பெட்டி வீட்டிலிருக்கிறது. இடையில் அறுப்பதற்குக் கம்பி இல்லை. அரசு அலைகளைக் குலைக்கலாம். பெட்டிக்கான மின்சாரத்தைத் தடுக்கலாம். அதற்கும் மிதிவண்டி விடையாயிற்று. இணையம் கேட்பதோடு பேசவும் இடமளிக்கிறது. ஆனால் ஒவ்வொரு பயனரும் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் கோபுரத்தைச் சார்ந்தே அதைப் பெறுகிறார். இருபுறமும் பேசும் வசதிக்காக, எவருடைய இசைவுமின்றிக் கேட்கும் வசதியை நாம் கைவிட்டிருக்கிறோம்.

அரசியல் காரணமின்றித் தொடர்பு அறுந்த இடத்திலும் இதற்குச் சான்றுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, அமெச்சூர் வானொலிப் பயணமொன்றின் பொருட்டு பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் போர்ட் பிளேரில் இருந்தனர். பிற தொடர்புகள் செயலிழந்த அந்நேரத்தில் அவர்களுடைய நிலையமே அந்தமானுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே செய்தி கடத்தியது. பொழுதுபோக்கெனக் கருதப்பட்ட ஒரு துறை, அதைப் பயின்று உரிமம் பெற்ற சிலர் எஞ்சியிருந்தமையால் உதவிற்று. பள்ளத்தாக்கின் தரைவழித் தொலைபேசி, யாழ்ப்பாணத்தின் டைனமோ, அந்தமானின் வானொலி ஆகிய மூன்றிலும் உதவியவை, வருவாயோ பெருமையோ தராதவை என எப்போதோ ஒதுக்கப்பட்டும் முற்றாகக் களையப்படாமல் கிடந்தவை. களையப்பட்டுவிட்டவை உதவவில்லை. 2019 ஆகஸ்டில் ஸ்ரீநகரிலிருந்து மகனுக்கு ஒரு தந்தி கொடுக்க விரும்பிய தாய்க்கு அவ்வழி ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அடைபட்டிருந்தது.

சட்டத்தின் தொடர்ச்சியும் சான்றின் இன்மையும்

2018க்குப் பின் முடக்கம் வழக்கமான நிர்வாகக் கருவியாகச் சுருங்கி, அதனாலேயே மேலும் பரவியது. 2021 செப்டம்பர் 26 அன்று ஆசிரியர் தகுதித் தேர்வுக்காக இராஜஸ்தானின் பல மாவட்டங்களிலும், 2022 ஆகஸ்டில் அரசுப் பணித் தேர்வுகளுக்காக அசாமின் பல மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. வினாத்தாள் கசிவைத் தடுப்பது பொது நெருக்கடியா என்ற கேள்வியை 1885இன் சட்ட வரைவாளர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஓர் ஆணை 15 நாள்களுக்கு மேல் செல்லாது என 2020 நவம்பரில் விதி திருத்தப்பட்டது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தந்திச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. புதிய சட்டத்தின் 20ஆம் பிரிவில் பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்னும் அதே இரு சொற்றொடர்கள் இடம்பெற்றுள்ளன. 138 ஆண்டுகளில் சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது.

இவ்வரலாற்றை எழுத முற்படுவோர் எதிர்கொள்ளும் இடர் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தந்தி, தாளில் தடம் விட்ட தொழில்நுட்பம். அனுப்பியவரின் படிவம், அலுவலகப் பதிவேடு, பெற்றவரின் தாள் என மூன்று இடங்களில் சான்று தங்கியது. காலனிய அரசு தான் எதிர்கொண்ட துண்டிப்புகளைப் பற்றி அறிக்கை எழுதி, அச்சிட்டு, காப்பகத்தில் வைத்தது. 1908 குறித்து இன்று எழுத முடிவது அதனால்தான். அனுப்பப்படாத வாட்ஸ்அப் செய்திக்கோ நிரப்பப்படாத இணைய விண்ணப்பத்திற்கோ அத்தகைய தடம் இல்லை. முடக்கிய அரசுகளும் முறையான பதிவை வைக்கவில்லை. தகவல் தொழில்நுட்பத்திற்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் அளித்த அறிக்கையில், நாட்டில் நிகழும் இணைய முடக்கங்களின் மையப்படுத்திய பதிவேடு உள்துறை அமைச்சகத்திடமும் இல்லை, தொலைத்தொடர்புத் துறையிடமும் இல்லை எனக் கண்டு, ஒன்றை உருவாக்கப் பரிந்துரைத்தது. காஷ்மீர் வழக்கிலும் எல்லா ஆணைகளும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை.

ஆகவே இக்காலத்தை ஆராய்வோர் வழக்குப் பதிவுகளையும் அந்தந்த ஊர் நாளிதழ்களின் அச்சுக் கோப்புகளையும் வாய்மொழி நினைவுகளையும் கொண்டே முடக்கங்களின் பட்டியலைத் தொகுக்க வேண்டியுள்ளது. ஸ்ரீநகர் நாளிதழ்கள் பலவற்றின் இணையத்தளங்கள் 2019 ஆகஸ்டில் வாரக்கணக்கில் புதுப்பிக்கப்படவில்லை. அவ்வாரங்களில் அவை குறைந்த பக்கங்களுடன் தாளில் அச்சாயின. அத்தாள்களை எந்த நூலகம் கட்டி வைத்திருக்கிறது என்பதை நேரில் சென்றுதான் அறிய வேண்டும்.